டெல்டால புது எண்ணெய்க் கிணறு வேண்டாம்னா நாம என்ன செய்யணும்: வீட்டுலேர்ந்து கிராம சபை வரைக்கும்

காவிரி டெல்டா பக்கம் புதுசா எண்ணெய்க் கிணறு, கேஸ் கிணறுன்னு பேச்சு கிளம்புறப்பல்லாம் ரெண்டே ரெண்டு குரல்தான் கேக்கும். "நாட்டுக்கு எண்ணெய் வேணுமே, எத்தனை காலத்துக்கு வெளிநாட்டுக்காரன்கிட்ட வாங்குறது"ன்னு ஒண்ணு, "சோலார் போட்டா முடிஞ்சுது, எண்ணெயே தேவையில்ல"ன்னு இன்னொண்ணு. நான் கிணறு வேண்டாம்ங்கிற பக்கம்தான். திருவாரூர் பக்கம் வயலை நம்பி இருக்கிற குடும்பம், வயலுக்கு அடியிலேர்ந்து மீத்தேன் கேஸ் எடுக்கிற திட்டத்தை எதிர்த்து ஊர் ஊரா போன இயற்கை விவசாயி நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பர்ல அந்தப் பிரச்சாரத்துக்கு நடுவுலயே உயிரை விட்டாரு, அதைப் பார்த்த ஆளுங்க நாங்க. ஆனா "சோலார் போட்டா முடிஞ்சுது"ன்னு ஒரே வரியில சொல்லிட்டு உக்காந்தா, எதிர்ல இருக்கிற இன்ஜினியர் ஒரே கேள்வியில நம்மள மடக்கிடுவாரு. உங்க சோலார்ல பஸ் ஓடுமா, டிராக்டர் ஓடுமான்னு கேப்பாரு.

அந்தக் கேள்வி நியாயமானதுதான். இந்தியாவுல எண்ணெயை எரிச்சு எடுக்கிற கரண்ட் நூத்துல ஒரு பங்கு கூட கிடையாது, கரண்ட் பெரும்பாலும் நிலக்கரியிலேர்ந்து வருது. எண்ணெய் போறது வண்டிக்கும் லாரிக்கும் இன்ஜினுக்கும். அதனால மொட்டை மாடியில பேனலை மாட்டிட்டு கீழ பெட்ரோல் வண்டியையே உதைச்சுகிட்டு இருந்தா நாம குறைக்கிறது நிலக்கரியை, எண்ணெய் அப்படியேதான் இருக்கும் (நிலக்கரி குறையுறதும் நல்லதுதான், ஆனா கேள்வி எண்ணெயைப் பத்தினது). முதல்ல எண்ணெயில ஓடுறதை கரண்டுக்கு மாத்தணும், அப்புறம் அந்த கரண்டை வெயில்லேர்ந்தும் காத்துலேர்ந்தும் எடுக்கணும், அதோட சேர்த்து ஊருக்கு வர்ற திட்டத்தைப் படிச்சுப் பார்த்து சட்டப்படி நிறுத்தணும். இதே வரிசையில சொல்றேன்.

வீட்டுக்கு எவ்வளவு எண்ணெய் போகுதுன்னு முதல்ல எழுதுங்க

ஒரு மாசத்துக்கு வண்டிக்கு எத்தனை லிட்டர் பெட்ரோல், கேஸ் சிலிண்டர் எத்தனை நாளைக்கு வருது, ஆயில் இன்ஜின் இருந்தா டீசல் எவ்வளவு, இது மூணையும் காலண்டர் தாள் பின்னாடி எழுதினா போதும். நம்ம நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில நூத்துக்கு 85க்கு மேல இறக்குமதி, சமையல் கேஸ்ல பாதிக்கு மேல இறக்குமதி, இந்த மூணு கணக்குல குறையுற ஒவ்வொரு லிட்டரும் நேரா அதுலேர்ந்துதான் கழியும். காவிரிப் படுகையில எல்லா வயலையும் தோண்டினாலும் அந்த 85ஐ பெருசா குறைக்க முடியாது. 1960கள்லேர்ந்து இங்க தோண்டிகிட்டுதான் இருக்காங்க, நரிமணத்துல எடுத்த எண்ணெயை நம்பி பக்கத்துலயே 1993ல ரீஃபைனரியும் வந்துச்சு, அத்தனை வருஷம் எடுத்தும் இறக்குமதி ஏறிகிட்டேதான் போயிருக்கு.

வண்டி

எண்ணெய் சீக்கிரமா குறையுற இடம் இதுதான். பெட்ரோல் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் குடுக்குதுன்னு வச்சுக்குங்க, 100 கிலோமீட்டருக்கு ரெண்டேகால் லிட்டர் கிட்ட வரும், லிட்டர் 100 ரூபாய்க்கு மேல விக்கிறதால 220 ரூபாயைத் தாண்டிடும். ஈவி ஸ்கூட்டர் அதே 100 கிலோமீட்டருக்கு சார்ஜ் போடுறப்போ வீணாகுறதையும் சேர்த்து மூணு, மூணரை யூனிட் இழுக்கும், வீட்டு ரேட்டுல 30 ரூபாய்க்குள்ள முடிஞ்சுடும். தினம் மன்னார்குடியிலேர்ந்து திருவாரூர் போயிட்டு வர்ற ஆளுக்கு இதுல மாசாமாசம் கையில நிக்கிற காசு கொஞ்சநஞ்சமில்ல.

வாங்கறதுக்கு முன்னாடி கம்பெனி சொல்ற ரேஞ்சை நம்பாதீங்க, பின்னாடி ஒரு ஆளை ஏத்திகிட்டு நீங்க நிஜமா போற வேகத்துல எவ்வளவு வருதுன்னு அதே வண்டி வச்சிருக்கிற ஒருத்தர்கிட்ட கேளுங்க. சர்வீஸ் சென்டர் உங்க ஊர்லேர்ந்து எவ்வளவு தூரம்னு பாருங்க, என்னைக் கேட்டா விலையை விட அது முக்கியம். சார்ஜ் போடுற இடத்துல 15 ஆம்பியர் பிளக்கும் சரியான எர்த்தும் இருக்கணும், ஜன்னல் வழியா எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்துப் போட்டு சார்ஜ் ஏத்துறது ஆபத்து. மழைக்காலத்துல தண்ணி ஏறுற தெருவா இருந்தா பிளக்கை இடுப்பு உயரத்துக்கு மேல வைக்கச் சொல்லுங்க. ரெண்டு வண்டி இருக்கிற வீடுன்னா அதிகமா ஓடுறது எதுவோ அதை முதல்ல மாத்துங்க.

அடுப்பு

இதுல உண்மையைச் சொல்லிடணும், காசு பெருசா மிச்சமாகாது. 14.2 கிலோ சிலிண்டர் ஒண்ணு செய்யுற சமையலை இண்டக்ஷன்ல செஞ்சா சுமார் 120 யூனிட் ஆகும், ஈபிக்கு காசு கட்டி அந்த யூனிட்டை வாங்கினா சிலிண்டர் விலையை விட கொஞ்சம்தான் கம்மியா இருக்கும். மாடியில சோலார் இருந்து பகல்லயே சமைச்சா அப்ப நல்லாவே லாபம். சோறு வடிக்கிறது, பருப்பு வேகவைக்கிறது, பால், டீ இதெல்லாம் இண்டக்ஷனுக்கு மாத்திட்டு தோசை, அப்பளம், வதக்கலை கேஸ்லயே வச்சுக்கலாம், ஒரு சிலிண்டர் வர்ற நாள் கூடுறதைக் கண்ணால பார்ப்பீங்க. பாத்திரத்துக்கு அடியில காந்தம் ஒட்டுதான்னு பாருங்க, ஒட்டினா அது ஆகும், அலுமினியக் குக்கர் ஆகாது.

ஆயில் இன்ஜின்

கடைமடையில முறைப்பாசனத் தண்ணி வந்து சேராதப்போ வாய்க்கால்லேர்ந்து இன்ஜின் வச்சு இறைக்கிறவங்க இன்னும் இருக்காங்க. 5 எச்பி டீசல் இன்ஜின் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் கிட்ட குடிக்கும், பகல் பூரா ஓட்டினா 700, 800 ரூபாய் போயிடும். இலவச கரண்ட் கனெக்ஷன் இருக்கிற போருக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம். கனெக்ஷன் கிடைக்காம டீசலை நம்பி இருக்கிறவங்க வேளாண் பொறியியல் துறை ஆபீஸ்ல சோலார் பம்ப் திட்டத்துக்கு எழுதிக் குடுக்கலாம், 60 சதவீதம் மானியம், ஆதிதிராவிடர் பழங்குடியின சிறு குறு விவசாயிகளுக்கு அதுக்கும் மேல உண்டு. சிட்டா, அடங்கல், ஆதார், பாங்க் பாஸ்புக், சிறு குறு விவசாயி சான்று இதையெல்லாம் எடுத்துகிட்டுப் போங்க. தண்ணி எத்தனை அடியில நிக்குதுன்னு சரியா சொல்லுங்க, கோடையில இறங்குற ஆழத்தைச் சொல்லணும், மழை முடிஞ்ச கையோட இருக்கிற ஆழத்தைச் சொல்லிட்டா பம்ப் சின்னதா போயி மே மாசத்துல திணறும்.

மொட்டை மாடி சோலார்

வண்டியும் அடுப்பும் கரண்டுக்கு மாறினா பில் ஏறும், ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினா ரேட் கணக்கே வேற மாதிரி ஆகிடும். பேனலுக்கு சரியான நேரம் இதுதான். முன்னாடியே போட்டா எவ்வளவு போடணும்னு கணக்கு தெரியாது, அதனாலதான் வீட்டு வேலையில இதைக் கடைசியில வச்சேன்.

நம்ம ஊரு வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்கு சராசரி 4 யூனிட் குடுக்கும், நவம்பர் டிசம்பர் அடைமழையில குறையும், பங்குனி சித்திரையில ஏறும். 3 கிலோவாட் போட்டா ரெண்டு மாசத்துக்கு 700 யூனிட் கிட்ட வரும். கிலோவாட்டுக்கு 100 சதுர அடி நிழல் விழாத இடம் வேணும். நிழல்ங்கிறதை லேசா எடுத்துக்காதீங்க, பேனலையெல்லாம் வரிசையா ஒரே கோர்வையில இணைச்சிருப்பாங்க, தென்னை மட்டை ஒண்ணு ஒரு பேனல் மேல நிழல் போட்டாலும் கோர்வை மொத்தமும் இறங்கும். காலையில 9 மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் 4 மணிக்கு ஒரு தடவை மாடியில ஏறி நிழல் எங்கெங்க விழுதுன்னு சாக்பீஸ்ல கோடு போட்டு வைங்க, அளவெடுக்க வர்றவர்கிட்ட அதைக் காட்டுங்க. மார்கழியில சூரியன் தெற்கே சாஞ்சு போறப்போ நிழல் இன்னும் நீளும், அதையும் மனசுல வச்சுக்குங்க.

மானியம் 2024 பிப்ரவரியில ஆரம்பிச்ச பிரதமர் சூரிய வீடு (பிஎம் சூர்ய கர்) திட்டத்துல வருது. முதல் 2 கிலோவாட்டுக்கு கிலோவாட்டுக்கு 30,000, மூணாவதுக்கு 18,000, மொத்தம் 78,000, அதுக்கு மேல எவ்வளவு பெருசா போட்டாலும் அவ்வளவுதான். 3 கிலோவாட் போட ஒன்றே முக்கால் லட்சத்துலேர்ந்து ரெண்டேகால் லட்சம் வரைக்கும் கேக்கிறாங்க, மூணு பேர்கிட்ட கொட்டேஷன் வாங்குங்க. அந்தத் திட்டத்தோட போர்ட்டல்ல ஈபி கனெக்ஷன் நம்பர் போட்டு நீங்களே பதிவு பண்ணுங்க, அங்க பட்டியல்ல இருக்கிற வெண்டரைத்தான் எடுக்கணும், இந்தியாவுலயே செஞ்ச செல் போட்ட பேனலா இருந்தாதான் மானியம், பேனல் நம்பரை போட்டோ எடுத்து வச்சுக்குங்க. வேலை முடிஞ்சதும் ஈபிக்காரங்க பார்த்துட்டு உள்ள வர்ற கரண்டையும் வெளிய போற கரண்டையும் கணக்கு பண்ணுற நெட் மீட்டர் மாட்டுவாங்க, அதுக்கப்புறம் பாங்க் விவரம் குடுத்தா மானியம் அக்கவுண்ட்டுக்கு வரும். ஈபி கனெக்ஷன் உங்க பேர்ல இருக்கணும், தாத்தா பேர்லயே ஓடிகிட்டு இருந்தா முதல்ல பேர் மாத்துங்க, நிறைய பேருக்கு வேலை இழுத்துகிட்டே போறது இங்கதான்.

டெல்டாக்காரங்க பேனலைத் தாங்குற ஸ்ட்ரக்சர்ல காசைக் குறைக்காதீங்க. 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்போ தென்னையே வேரோட சாஞ்சுது, தகரக் கூரையெல்லாம் பறந்துச்சு. நல்லா கால்வனைஸ் பண்ண பைப்பா இருக்கணும், அந்த பைப் காலைத் தளத்தோட ஆங்கர் போல்ட் போட்டு பிடிச்சு கான்கிரீட் பீடம் கட்டணும், சும்மா கல்லை தூக்கி வச்சுட்டு போனா விடாதீங்க. ரொம்ப உயரமா தூக்காம தாழ்வா தெற்கு பார்த்து பத்து பன்னெண்டு டிகிரி சாய்வுல வைங்க, காத்து பிடிக்காது. பேனல் பக்கத்துக்கு ஒண்ணு, இன்வெர்ட்டர் பக்கத்துக்கு ஒண்ணு, இடிதாங்கிக்கு ஒண்ணுன்னு எர்த் தனித்தனியா இருக்கணும். தூசி படிஞ்சா விடியக்காலையில வெறும் தண்ணி ஊத்தித் துடைங்க, சுடுற பேனல் மேல உச்சி வெயில்ல தண்ணி ஊத்தாதீங்க.

இன்னொரு விஷயம், பேட்டரி இல்லாத இந்த வகை சோலார் ஈபி கரண்ட் போனா தானா நின்னுடும், லைன்ல வேலை செய்யுற ஆளுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னுதான் அப்படி செஞ்சிருக்காங்க. அடிக்கடி கரண்ட் போற ஊருன்னா ஃபேன், லைட்டுக்கு மட்டும் இருக்கிற பழைய இன்வெர்ட்டர் பேட்டரியை எடுத்துடாதீங்க. மீட்டர் மாட்டின மறுநாள் மத்தியானம் வீட்ல எல்லாத்தையும் அணைச்சுட்டு மீட்டர்ல வெளிய போற யூனிட் எண் ஏறுதான்னு நின்னு பாருங்க, ஏறலைன்னா அன்னைக்கே செக்ஷன் ஆபீஸ்ல சொல்லுங்க.

ராத்திரிக்கு என்ன பண்றதுன்னு கேப்பாங்க. தமிழ்நாட்டுல 10,000 மெகாவாட்டுக்கு மேல காத்தாலை நிக்குது, வைகாசி ஆனியிலேர்ந்து புரட்டாசி வரைக்கும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலயும் பாலக்காட்டுக் கணவாயிலயும் காத்து ராத்திரியும் அடிக்கும். மத்த மாசத்துல சாயங்காலம் ஆறுலேர்ந்து பத்து மணி வரைக்கும் சிரமம் இருக்கத்தான் செய்யுது, அதுக்கு பேட்டரியும், தண்ணியை மேல ஏத்தி வச்சு வேணுங்கிறப்போ இறக்கி கரண்ட் எடுக்கிற நீரேற்று மின்நிலையமும் இன்னும் நிறைய வரணும், அதை மறைக்க வேண்டியதில்ல. நம்மளால ஆனது, மோட்டார், இண்டக்ஷன், வண்டி சார்ஜ் எல்லாத்தையும் பகலுக்கு மாத்திக்கிறது. நிலத்தைப் பத்தியும் கேப்பாங்க, 2016ல கமுதியில வந்த 648 மெகாவாட் சோலார் 2,500 ஏக்கர் எடுத்துச்சு, மேய்ச்சல் நிலத்தையும் கண்மாய் வரத்தையும் அடைச்சுகிட்டு பெரிய பார்க் வந்தா அதையும் எதிர்க்கணும்ங்கிறதுதான் என் கருத்து. முதல்ல கூரை, பள்ளிக்கூட மாடி, நெல் கொள்முதல் குடோன், ரைஸ்மில் தகரம், அதெல்லாம் நிறைஞ்ச அப்புறம் நிலத்தைப் பத்தி பேசலாம்.

ஊருக்கு ரிக் (கிணறு தோண்டுற இயந்திரம்) வருதுன்னு தெரிஞ்சா

முதல் கேள்வி, ஊர் எந்த எல்லைக்குள்ள இருக்கு. 2020ல வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் (அதுலேர்ந்து பிரிஞ்ச மயிலாடுதுறையும்), அதோட கடலூர், புதுக்கோட்டை மாவட்டத்துல சில ஒன்றியம், இதுக்குள்ள புதுசா எண்ணெய், இயற்கை வாயு, மீத்தேன், ஷேல் (பாறைக்குள்ள இருக்கிற கேஸ்) எடுக்கிறதைத் தடுக்குது. சட்டம் வர்றதுக்கு முன்னாடியே ஓடிகிட்டு இருந்த கிணத்தை அது தொடல, இந்த இடத்துலதான் கண்ணை முழிச்சு இருக்கணும். பழைய கிணத்துல பராமரிப்புன்னு சொல்லி ரிக் வந்து நின்னா, எந்தக் கிணறு, எந்த வருஷத்து அனுமதி, சர்வே நம்பர் என்னன்னு கலெக்டர் ஆபீஸ்ல எழுத்துல கேளுங்க. வாயால சொல்ற பதிலுக்கு மதிப்பு இல்ல, தகவல் உரிமைச் சட்டத்துல மனு போட்டா பதில் எழுத்துல வந்தாகணும். ராமநாதபுரம் மாதிரி அந்த எல்லைக்கு வெளிய இருக்கிற ஊருக்கு இந்தச் சட்டம் துணைக்கு வராது, 2025ல அங்க 20 ஆய்வுக் கிணறுக்கு சுற்றுச்சூழல் அனுமதி குடுத்தது வெளிய தெரிஞ்சு எதிர்ப்பு கிளம்பின பிறகுதான் மாநில அரசு அதை வாபஸ் வாங்கச் சொல்லுச்சு.

ரெண்டாவது, வர்றது ஆய்வுக் கிணறா, உற்பத்திக் கிணறா. 2020 ஜனவரியில மத்திய அரசு விதியை மாத்துச்சு, ஆய்வுக் கிணறு தோண்ட மக்கள் கருத்துக் கேட்பு கூட்டம் தேவையில்லைன்னு ஆச்சு. அதனால கூட்டம் வரும்னு காத்துகிட்டு இருக்காதீங்க, சுற்றுச்சூழல் அனுமதிக்கான விண்ணப்பமெல்லாம் வர்ற மத்திய அரசோட பரிவேஷ் இணையதளத்துல மாவட்டம் பேரைப் போட்டு மாசத்துக்கு ஒரு தடவை பாருங்க, ஊர்ல படிச்ச பசங்க ரெண்டு பேர் இந்த வேலையை எடுத்துக்கட்டும். 2016ல வந்த கொள்கைப்படி ஒரே லைசென்ஸ்லயே எண்ணெய், கேஸ், மீத்தேன், ஷேல் எல்லாம் எடுக்கலாம், அதனால "நாங்க கச்சா எண்ணெய் மட்டும்தான் பாக்க வந்தோம்"னு சொன்னா லைசென்ஸ்ல என்ன இருக்குன்னு காட்டச் சொல்லுங்க.

திட்டத்தோட சுற்றுச்சூழல் அறிக்கை கையில கிடைச்சா முதல் பக்கத்துலேர்ந்து படிக்காதீங்க, முன்னாடி பூரா வேலைவாய்ப்பு, நாட்டு வளர்ச்சின்னுதான் இருக்கும். நேரா தண்ணி பத்தின பகுதிக்குப் போங்க. தோண்டுறப்போ ஒரு நாளைக்கு எத்தனை கிலோலிட்டர் நல்ல தண்ணி, அது எந்த போர்லேர்ந்து? தோண்டுற சேறு போடுற குழி எங்க, அடியில ஷீட் விரிக்கிறாங்களா, ஐப்பசி கார்த்திகையில அந்தக் குழி நிரம்பி வழிஞ்சா எந்த வாய்க்காலுக்குப் போகும்? எண்ணெயோட சேர்ந்து கீழேர்ந்து உப்புத்தண்ணி வரும், கிணறு பழசாக ஆக எண்ணெய் குறைஞ்சு அந்தத் தண்ணி கூடும், அதை எங்க கொண்டு போய் விடுறாங்க? கேஸை எரிக்கிற இடம் கிட்டத்துல இருக்கிற வீட்டுலேர்ந்து எத்தனை மீட்டர்? கிணறு வத்தினப்புறம் சிமெண்ட் வச்சு அடைச்சு நிலத்தை பழையபடி ஆக்குற பொறுப்பு யாருக்கு, எத்தனை மாசத்துல? வரைபடத்துல நம்ம ஊரு குளம், வாய்க்கால், மடை எல்லாம் இருக்கான்னும் பாருங்க, கிராம வரைபடத்தை விஏஓகிட்ட வாங்கி பக்கத்துல வச்சு ஒப்பிடுங்க. அறிக்கையில ஒரு பாசன வாய்க்கால் காணாம போயிருந்தா அது ஒண்ணே பெரிய ஆட்சேபனை.

திட்டம் உற்பத்திக் கிணறா இருந்து கருத்துக் கேட்பு வந்தா, குறைஞ்சது 30 நாள் முன்னாடி பேப்பர்ல அறிவிப்பு வரணும், தமிழ்ல சுருக்கம் கலெக்டர் ஆபீஸ்ல பார்க்கக் கிடைக்கணும். கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்தாதான் செல்லும்னு ஒரு கணக்கு கிடையாது, அதனால புறக்கணிக்கிறோம்னு வெளிய நின்னா உள்ள நாலு பேரோட கூட்டம் நடந்து முடிஞ்சுடும். உள்ள போங்க, பேசுங்க, பேசினதை எழுதியும் குடுத்து கையெழுத்து வாங்குங்க, கடைசியில நடவடிக்கைக் குறிப்பைத் தமிழ்ல படிச்சுக் காட்டணும், படிக்கிற வரைக்கும் கலையாதீங்க. கிணத்துல வேலை செய்யுறவங்களும் நம்ம மாவட்டத்துப் பசங்கதான், அவங்ககிட்ட சண்டை போட வேண்டாம், கேள்வி எல்லாம் அறிக்கையைப் பத்தியே இருக்கட்டும்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1ல கூடும். தீர்மானத்துல "ஹைட்ரோகார்பன் வேண்டாம்"னு ஒரு வரி மட்டும் எழுதாம சர்வே நம்பர், பாசனப் பரப்பு, குடிதண்ணி போர் எத்தனை அடி தள்ளி இருக்குங்கிறதையும் சேர்த்து எழுதுங்க, அதே தீர்மானத்துல ஊராட்சி ஆபீஸ், பள்ளிக்கூடம், தண்ணித்தொட்டி மோட்டாருக்கு சோலார் கேட்டும் ஒரு வரி போடுங்க. தீர்மான நகல்ல ஊராட்சி முத்திரை இருக்கணும்.

குழாய் பதிக்க வர்றது தனி விவகாரம். 2017 ஜூன் 30ல கதிராமங்கலத்துல வயலுக்கு நடுவுல குழாய் கசிஞ்சு எண்ணெய் வெளிய வந்த அப்புறம்தான் தன் நிலத்துக்கு அடியில என்ன ஓடுதுன்னே நிறைய பேர் யோசிச்சாங்க. 1962 வருஷத்துக் குழாய்ச் சட்டப்படி நிலம் உங்க பேர்லயே இருக்கும், பதிக்கிற உரிமையை மட்டும் எடுத்துக்குவாங்க, அதுக்கு நிலத்தோட சந்தை மதிப்புல 10 சதவீதமும் பயிர் சேதமும்தான் ஈடு, அதுக்கப்புறம் அந்தப் பட்டை மேல வீடு கட்ட முடியாது, கிணறு வெட்ட முடியாது, மரம் வைக்க முடியாது. அரசிதழ்ல அறிவிப்பு வந்த தேதியிலேர்ந்து 21 நாளுக்குள்ள ஆட்சேபனையை எழுத்துல குடுத்தாகணும், கையில நோட்டீஸ் குடுக்கிற ஆள்கிட்ட அரசிதழ் தேதியைக் கேட்டு நோட்டீஸ் மேலயே எழுதி வைங்க, ஆட்சேபனையை ஒப்புகைச் சீட்டோட பதிவுத் தபால்ல அனுப்புங்க, பங்காளிங்க பேர் பட்டாவுல கூட்டா இருந்தா ஒவ்வொருத்தரும் தனித்தனியா அனுப்புங்க, வெளிநாட்டுல இருக்கிற தம்பி கையெழுத்து வேணும்னா முதல் நாளே சொல்லிடுங்க, அந்தக் காகிதம் வந்து சேரவே பத்து நாள் ஆகிடும்.